டர்போ காருக்கு எத்தனை அங்குலக் குழாய்?

டர்போ பெட்ரோல் கார் வாங்கிய கையோடு பலருக்கும் எழும் கேள்வி, சைலன்சர் குழாயை எத்தனை அங்குலத்துக்கு மாற்றலாம் என்பது. கடைகளும் "இரண்டரை போடுங்கள், மூன்று போட்டால் இன்னும் நல்லது" என்று அங்குலக் கணக்கிலேயே விலை பேசுகின்றன. குழாயின் அகலத்தை முடிவு செய்ய வேண்டியது அந்த எஞ்சின் விடும் மூச்சின் அளவு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நம் சாலைகளில் ஓடும் சாதாரண டர்போ கார்களுக்குப் பெரிய குழாயால் கிடைப்பது சொற்பம் என்பது தெரிந்துவிடும். இழப்போ அதிகம். கைப்பணத்தோடு வாரண்டியும் காப்பீடும் சில சட்ட உரிமைகளும் சேர்ந்தே போகக்கூடும்.

"எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. டர்போ இல்லாத எஞ்சினில் இதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் விட்டுவிட்டு வெளியேறும் புகை வேகமாகப் பாயும்போது, அடுத்து வருவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் தளர்ந்து, குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை குறைகிறது. அங்கேயும் உதவுவது புகையின் வேகம்தான், அழுத்தம் அல்ல. டர்போவில் நிலைமை வேறு. டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் புகையில் அந்தத் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதன் பிறகுள்ள குழாயின் வேலை வழிவிடுவது மட்டுமே. டர்பைனைச் சுழற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். அந்த விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். டர்பைனுக்குப் பின்னால் 0.1 பார் கூடுதலாகத் தேங்கினால், முன்னால் 0.2 பார் ஏறும். எஞ்சின் அவ்வளவையும் எதிர்த்துப் புகையைத் தள்ள வேண்டும். ஆகவே டர்போவுக்குத் தாராளமான குழாய் நல்லது என்பவர்கள் சொல்வது சரியே. தாராளம் என்பது எவ்வளவு என்பதில்தான் தவறு நடக்கிறது.

குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு, ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. ஒரே ஓட்டத்துக்கு 2 அங்குலக் குழாயில் இழப்பு 100 என்றால், 2.5 அங்குலத்தில் அது சுமார் 33, 3 அங்குலத்தில் சுமார் 13. முதல் அரை அங்குலத்தில் 67 பங்கு குறைந்துவிடுகிறது. அடுத்த அரை அங்குலத்துக்கு மிஞ்சுவது 20 பங்குதான். இனி காரைக் கணக்கில் சேர்ப்போம். 300 குதிரைத்திறன் டர்போ காருக்கு 3 அங்குலம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இங்கே விற்பனையாகும் 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின் தருவது சுமார் 115. திறன் எவ்வளவோ, ஏறக்குறைய அந்த விகிதத்திலேயே புகையின் அளவும் இருக்கும். 115-ஐ 300-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.147, மூன்றை இரண்டால் வகுத்து ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 7.6. இரண்டையும் பெருக்கினால் 1.1. அதாவது குழாய்களின் நீளமும் புகையின் வெப்பமும் சமம் என்று கொண்டால், 300 குதிரைத்திறன் காரின் 3 அங்குலக் குழாய் தரும் தடையும், 115 குதிரைத்திறன் காரின் 2 அங்குலக் குழாய் தரும் தடையும் கிட்டத்தட்ட ஒன்றே. பெரிய காருக்கு மூன்று போதும் என்றால் சின்னக் காருக்கு இரண்டு போதும். 150 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு இதே கணக்கு 2.25 அங்குலத்தில் வந்து நிற்கிறது. எஞ்சினை 200 வரை ஏற்றியவருக்குத்தான் இரண்டரை அங்குலம் தேவைப்படுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் சொல்லும் அளவு வெளிவிட்டம். அச்சில் வைத்து அழுத்தி வளைத்த குழாய் வளைவுகளில் நசுங்கியும் போகும். நசுங்காமல் மாண்ட்ரெல் முறையில் வளைத்த 2.25 அங்குலக் குழாய், வளைவுகளில் நசுங்கிய இரண்டரையைவிட நன்றாக வழிவிடக்கூடும்.

"அப்படியென்றால் குழாயை மாற்றியவர்கள் வித்தியாசத்தை உணர்கிறார்களே?" என்று கேட்கலாம். சத்தம் கூடினால் வேகமும் கூடியது போலத் தோன்றுவது இயல்பு. சில கார்களில் உண்மையாகவே முன்னேற்றம் இருக்கும்; ஆனால் அது வண்டியின் அடியில் நீண்டு ஓடும் பின்குழாயிலிருந்து வருவது அரிது. புகை மிகச் சூடாக, ஆகவே மிகப் பருமனாக இருக்குமிடம் டர்பைனை ஒட்டிய டவுன்பைப். அகலம் அதிகம் பயன்படுவதும் அங்கேதான். ஆனால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அங்கேயே இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அது விரைவில் சூடேறி வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே அதை டர்போவுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஆகவே கடைக்காரர் "நல்ல ரிசல்ட் வேண்டுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் அதன் பொருள் "கன்வெர்ட்டரை எடுத்துவிடட்டுமா?" என்பதே. எடுத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத எரிபொருளும் அப்படியே தெருவுக்கு வருகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின் பலனை ஒரு வெல்டிங் வேலை அழித்துவிடுகிறது. பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். அதை ஏமாற்ற, சென்சாரைத் தள்ளி வைக்கும் ஸ்பேசரும் எஞ்சின் மென்பொருளை மாற்றும் ரீமேப்பும் அடுத்த செலவாக வந்து நிற்கும்.

ஆபத்து வண்டிக்குள்ளேயும் உண்டு. தடை திடீரெனக் குறைந்தால், சில டர்போக்களில், டர்பைனுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் சிறியதாக இருப்பதால் பூஸ்ட்டை அடக்க முடியாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டர்போ தன் எல்லையை மீறிச் சுழலும். வெல்டிங் சரியில்லாத இணைப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்னிருக்கையில் தூங்கும் குழந்தைக்கு அது தெரியாது. பெரிய குழாய் தாழத் தொங்கினால் வேகத்தடையில் இடிக்கும். வயருக்கும் எரிபொருள் குழாய்க்கும் அருகில் போனால் தீப்பிடிக்கலாம்.

மோட்டார் வாகன விதிகளில் குழாய்க்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு எழுதப்படவில்லை. அதனால் குழாய் மாற்றம் குற்றமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். சட்டம் பார்ப்பது விளைவை. மத்திய மோட்டார் வாகன விதி 120 சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. விதி 115 புகைக்கு வரம்பு வைக்கிறது. ஒன்பது இருக்கை வரையுள்ள பயணிகள் கார் தயாரிப்பின்போது 74 டெசிபலைத் தாண்டக் கூடாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த வரம்பின் அருமை புரியும். ஒலி, காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதம் தடை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இந்தத் தண்டனை உரிமையாளர் தலையில் விழும். மாசுக் கட்டுப்பாட்டுக்கான பியூசி சான்றிதழ் கையில் இருக்கிறதே என்பதும் காப்பாற்றாது. பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை, நின்றபடி ஓடும் எஞ்சினைத்தான் அளக்கிறது. பாரத்தோடு ஓடும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

நுகர்வோர் உரிமையிலும் ஓட்டை விழுகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி, தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மீது தயாரிப்புப் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது. காப்பீட்டு நிறுவனமும், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க முயலலாம். ஆனால் வாரண்டியில் பழுது பார்க்கப் போகும்போது, பின்குழாயைக் காரணம் காட்டி வேறேதோ பாகத்தின் பழுதையும் நிறுவனம் தள்ளிவிட்டால், அந்தப் பழுதுக்கும் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்கும்.

"கூடுதல் குதிரைத்திறன்" என்று விளம்பரம் செய்து குழாய் மாட்டிவிட்ட கடையும் இதே சட்டத்துக்குள் வருகிறது. சேவைக் குறைபாட்டுக்கும் தவறான விளம்பரத்துக்கும் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் தொடங்கலாம். ஆனால் கன்வெர்ட்டரை நீங்களே கேட்டு எடுக்கச் சொல்லியிருந்தால் உங்கள் வழக்கு வலுவிழந்துவிடும்.

ஆகவே குழாய் மாற்றியே தீர வேண்டும் என்றால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியோடு நிறுத்துங்கள், மஃப்ளர் இருக்கட்டும். குதிரைத்திறனைக் காட்டும் டைனோ அளவீட்டைக் கடையில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கேளுங்கள். குழாயின் உள்விட்டம், உலோகம், சத்தத்தின் அளவு எல்லாம் ஜி.எஸ்.டி. பில்லில் எழுதப்படட்டும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருக்கின்றன. பழைய இரும்பு என்று சொல்லி எடுத்துக்கொள்ளப்படும் அது விலைமதிப்புள்ள பொருள். கழற்றிய பாகம் எதுவானாலும், அதைக் கையில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள்.