மஞ்சளுக்குத் தங்கக் காவல்

உள்ளே விட்டுவிட்டார்கள்! பினாங்கு கெளுகோரில், முன்பு பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மிண்டனில் இப்போது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஓர் ஆய்வுக்கூடம். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபடியே வெள்ளைக் கோட்டை நீட்டுகிறார் ஆராய்ச்சி மாணவி. "பேரை மட்டும் போட்டுடாதீங்க. இந்தக் குப்பையைப் பார்த்தா அம்மா சிரிப்பாங்க."

குப்பைதான்! தொட்டி நிறையக் குடுவைகள். மேசையெங்கும் அலுமினியத் தாள். கண்ணாடிக் குழாய்க்குச் சுற்றியது போக, வெளிச்சம் புகாத பழுப்புப் புட்டிக்கும் ஒரு சுற்று. உள்ளே இருப்பது மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் வெளுத்துப்போகுமே, அந்தக் கோளாறுதான் இங்கே எதிரி. அதைத் தடுக்கத் தங்கத் துகள்களைக் காவல் வைத்துப் பார்க்கிறார்கள்.

முதல் வேலை பாத்திரம் கழுவுவது. அதுவும் தங்கத்தையே கரைக்கும் இராச திராவகத்தால்! பழைய தங்கம் துளி ஒட்டியிருந்தாலும் புதுத் துகள்கள் கோணலாக வளருமாம். முகமூடிக்குள் வியர்வை வழிகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான் என்று யாரும் முன்னாடியே சொல்வதில்லை.

அப்புறம் வித்தை. கொதிக்கும் இளமஞ்சள் தங்க உப்புக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றுகிறார். 1951இல் வேதியியலாளர் டர்கெவிச்சின் குழு எழுதிவைத்த வழி. மஞ்சள் வெளிறுகிறது, கருநீலம் எட்டிப்பார்க்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதுளைச் சிவப்பு! நான் கைதட்டிவிட்டேன். மயிரிழையை நாலாயிரமாக வகிர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துகளின் பருமன்.

ஒளியை விழுங்கிய குர்குமின் துள்ளிக்கொண்டிருக்கும் கணத்தில்தான் உடைகிறது. பக்கத்தில் தங்கம் இருந்தால், கை சுடும் பாத்திரத்தை அடுத்தவரிடம் தள்ளிவிடுவதுபோல அந்த ஆற்றலைத் தள்ளிவிடும். தங்கம் அதை வெப்பமாக்கி உதறிவிடும். "எப்பவும் காப்பாத்தும்னு எழுதிடாதீங்க அண்ணே. துகளோட அளவும் இடைவெளியும் சரியா அமையணும். இல்லேன்னா உலோகமே ஒளியைக் குவிச்சு சிதைவை வேகப்படுத்திடும்." எனக்கு இந்த எச்சரிக்கைதான் ரொம்பப் பிடித்தது.

விளக்குப் பெட்டிக்குள் இரண்டு குழாய்கள்: ஒன்று வெறும் குர்குமின், மற்றது தங்கத்தோடு. அறை இருட்டு. யாரோ கதவைத் திறந்துவிட, "பிந்து! பிந்து!" "கதவு!" "டோர்!" என்று மும்மொழிக் கூச்சல். வந்தவர் பாவம், பேனாவைத் தேடி வந்தாராம்.

பெட்டி திறந்தது. வெறும் குழாயில் நிறம் மங்கியிருக்கிறது. தங்கக் குழாயில் அந்த அளவு மங்கல் இல்லை. நான் குதிக்கிறேன், அவர் குதிக்கவில்லை. தங்கச் சிவப்பும் கலந்திருப்பதால் கண்ணை நம்பக் கூடாதாம். கருவி அளந்து சொல்ல வேண்டும். அப்புறம் இதே முடிவு மறுபடி மறுபடி வர வேண்டும்.

கருவி சூடாகும்வரை ஒருவர் நாசி கண்டார் சோறு வாங்கக் கிளம்புகிறார். கோட்டைக் கழற்றியபடியே நானும் கத்துகிறேன்: "எனக்குக் குவா பஞ்சிர், குழம்பு வெள்ளமா ஊத்தணும்!"