பட்டியல் சொல்வதும் களஞ்சியத்தில் இருப்பதும்

நூலகப் பட்டியலில் ஒரு நூலின் பெயர் இருக்கிறது. இறாக்கையில் நூல் இல்லை. இன்னொரு நூல் இறாக்கையில் இருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் இல்லை. முதலாவது தொலைந்த நூல். மற்றையது, இருந்தும் எவருக்கும் பயன்படாத நூல். இதே சிக்கல் கணினி உலகில் எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதை, தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் மாணவி என்ற வகையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜெனீவா நகருக்கு அருகே, நிலத்துக்குக் கீழே 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தின் பெரும் ஹாட்ரன் மோதுவி அமைந்துள்ளது. புரோத்தன்களை மோதவிட்டுப் பெறும் தரவுகள் அங்கே மட்டும் வைக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 40 நாடுகளிலுள்ள சுமார் 170 கணினி நிலையங்களில் அவை பகிர்ந்து வைக்கப்படுகின்றன. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்பதை ஒரு மையப் பட்டியல் சொல்கிறது. அட்லஸ் என்ற ஆய்வுக்குழு இதற்காக உருவாக்கிய மென்பொருளின் பெயர் ரூசியோ. டொன் கிகோட்டே நாவலில் வரும் கழுதையின் பெயர் அது. சுமை தூக்கப் பொருத்தமான பெயர்தான்!

பட்டியல் ஓரிடத்திலும் கோப்புகள் வேறிடத்திலும் இருப்பதால் இரண்டும் முரண்பட இடமுண்டு. வன்தட்டு பழுதடையலாம், அழிக்கும் கட்டளை இடையில் நின்றுபோகலாம். பட்டியலில் பெயர் இருக்க, களஞ்சியத்தில் காணப்படாதது 'தொலைந்த கோப்பு'. அதை நம்பிய ஆய்வாளரின் வேலை தடைப்படும். களஞ்சியத்தில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதது 'இருண்ட தரவு'. அது வீணே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு நிலையமும் தன்னிடமுள்ள கோப்புகளை அவ்வப்போது கணக்கெடுக்கிறது. அக்கணக்கை மையப் பட்டியலுடன் ஒப்பிட்டால் போதும் என்றே தோன்றும். ஆனால் கணக்கெடுத்து முடிவதற்குள் புதிய கோப்புகள் வரும்; பழையவை நீங்கும். இன்று வந்த கோப்பை நேற்றைய பட்டியலில் தேடிவிட்டு, 'வேண்டாதது' என்று அழித்துவிட்டால் என்னாவது?

அதற்கும் வழி உண்டு. கணக்கெடுப்புக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக மையப் பட்டியலின் இரு பிரதிகளை எடுக்கிறார்கள். இரண்டிலும் பெயர் இருந்து, நிலையத்தில் கோப்பு இல்லையெனில் அது தொலைந்தது. இரண்டிலும் பெயர் இல்லாமல், நிலையத்தில் மட்டும் இருந்தால் அது இருண்டது. ஒன்றில் மட்டும் பெயர் இருந்தால் அது வந்துகொண்டோ போய்க்கொண்டோ இருக்கும் கோப்பு, அதைத் தொடுவதில்லை. தொலைந்த கோப்பின் பிரதி வேறு நிலையத்தில் இருந்தால் அங்கிருந்து மீண்டும் நகலெடுக்கிறார்கள்.

பெயர் ஒத்திருந்தால் மட்டும் போதாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட ஓர் எண்ணும் பட்டியலில் பதிவாகியிருக்கும். நகலிலும் அதே எண் வந்தால்தான் கோப்பு சிதையவில்லை என்று கொள்ளலாம்.

நம் வீடுகளிலும் குடும்பப் படங்களும் சான்றிதழ்ப் பிரதிகளும் கைபேசி, மடிக்கணினி, பென்டிரைவ் எனச் சிதறிக் கிடக்கின்றன. "அங்கே ஒரு பிரதி இருக்கிறதுதானே" என்ற நம்பிக்கையில் இங்குள்ளதை அழித்துவிடுகிறோம். அந்தப் பிரதியை ஒருமுறை திறந்து பார்த்த பின்னர் அழிப்பதே நல்லது. பட்டியலோ நினைவோ, பொருள் இருப்பதற்குச் சாட்சியாகாது.