ஊருக்கு ஒரு கைகாட்டி

சென்னை நகரில் அடையாற்றின் கரையையொட்டி ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. தாங்கல் என்பது சிறிய ஏரி என்பதைச் செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெயரில் நீர்நிலை நிற்கிறதேயன்றி, இன்று அங்கே வயலும் வரப்பும் கிடையா. அருகே 1958-இல் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டையும், பின்னர் எழுந்த பெரும் அலுவலக மாளிகைகளும், நூறடிச் சாலையும் இருக்கின்றன. அச்சாலையின் மீது உயர்ந்த தூண்களில் ஓடும் மெட்ரோ ரயில், 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கப்பெற்றது. அன்று திறக்கப்பட்ட ஏழு நிலையங்களில் ஈக்காட்டுத்தாங்கலும் ஒன்று.

மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவர், பம்பு செட்டுக்கு ஒரு பாகம் வாங்குவதற்காகத் தொழிற்பேட்டைக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். ரயிலை விட்டு இறங்கியதும் எந்தப் படிக்கட்டு என்பது அவருடைய முதற் கேள்வி. இடைத்தளத்திற்கு வந்ததும், சாலையின் எந்தப் பக்கத்தில் இறங்குவது என்பது இரண்டாவது கேள்வி. தரைக்கு வந்த பின்னர், இடப்புறமா வலப்புறமா என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே மிக முக்கியமானது. தவறான பக்கம் இறங்கிவிட்டால், ஓயாது வாகனங்கள் ஓடும் அகன்ற சாலையை அவர் கடக்க நேரிடும். ஆகவே, தொழிற்பேட்டைக்கு வழி காட்டும் பலகை கீழே சாலையோரத்தில் எவ்வளவு அழகாக நின்றாலும் பயனில்லை; மேலே, இரு வழியும் பிரியும் இடத்திலேயே அது கண்ணில் பட வேண்டும்.

வழிகாட்டும் பலகையைப் பற்றி அறிய வேண்டுவதில் பாதி இதுவே. புதியவர் ஒருவர் எவ்விடத்தில் தயங்கி நிற்கிறாரோ, அவ்விடத்தில், அவர் அப்போது கேட்கும் கேள்விக்கு மட்டும் விடை சொல்லுவதே நல்ல பலகை. மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே பலகையில் முப்பது வரி எழுதி வைத்தால், அதனைப் படித்து முடிப்பதைவிடப் பக்கத்திலிருப்பவரைக் கேட்பது எளிது. அவரும் அப்படியே செய்வார்.

நம் நாட்டுப் பலகைகளில் பல, வருகிறவருக்காக எழுதப்பட்டவையல்ல, வைத்தவருக்காக எழுதப்பட்டவை. கட்டடத்தைத் திறந்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை ஆகிய யாவும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டடம் ஆரம்ப சுகாதார நிலையமா, கால்நடை மருந்தகமா என்பதை மட்டும் உள்ளே சென்று விசாரிக்க வேண்டும்! திறப்பு விழாக் கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வழிகாட்டி ஆகாது என்பதே நாம் சொல்ல வருவது.

நம் முன்னோர் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். தருமபுரி மாவட்டத்தில், அதியமான் பெருவழி என்னும் பழைய சாலையின் காதக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. அது 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 27 காதம் என்பதை அக்கல் எழுத்தாலும் எண்ணாலும் கூறுகிறது. அத்துடன் நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஏழு சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. எழுத்தறியாத வண்டிக்காரரும் குழிகளை எண்ணித் தூரத்தை அறியலாம். இருட்டில் விரலால் தடவியும் அறியலாம். ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்லும் இந்தக் கல்லைவிடச் சிறந்த பலகையை இன்றைய நிபுணர்களும் எளிதில் செய்துவிட இயலாது.

இந்த முறை வேறு உருவங்களில் இன்றும் நம்மிடையே வாழ்கிறது. 1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மீது அவர் சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்கள் அவ்வாறே வாக்களித்தனர். மெக்ஸிகோ நகரத்தில் 1969-இல் சுரங்க ரயில் தொடங்கியபோது, ஒவ்வொரு நிலையத்திற்கும் பெயரோடு ஒரு படமும் கொடுத்தார்கள். சாலையோரத்து மைல் கல்லின் தலையும் ஒரு மொழியே பேசுகிறது. மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை; பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை; ஆரஞ்சுத் தலை கிராமச் சாலை. மெட்ரோ நிலையத்தின் தரையில் மஞ்சள் நிறத்தில் பதித்திருக்கும் மேடுபள்ளமான ஓடுகளைப் பலர் அலங்காரம் என்று எண்ணி மிதித்துச் செல்கிறார்கள். நீண்ட வரம்பு போன்ற மேடு இருந்தால் 'நடக்கலாம்' என்றும், பொட்டுப் பொட்டாக இருந்தால் 'நில், கவனி' என்றும் பார்வையற்றவரின் பாதத்திற்கும் கோலுக்கும் அது சொல்கிறது. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் ஆக்கிய இவ்வோடுகள் 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. தருமபுரிக் கல்லில் விரல் செய்த வேலையை இங்கே பாதம் செய்கிறது.

இனி நம் கிராமங்களுக்கு வருவோம். உள்ளூர்க்காரருக்குப் பலகை தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் நள்ளிரவில் 108 ஊர்தியை ஓட்டி வருகிறவர் உள்ளூர்க்காரர் அல்லர். 'மாரியம்மன் கோயிலைத் தாண்டி வலப்பக்கம்' என்று தொலைபேசியில் சொன்னால், எந்த மாரியம்மன் கோயில் என்று அவர் எவ்வாறு அறிவார்? பிரசவ வேதனையிலோ பாம்புக் கடியிலோ துடிப்பவருக்குக் கால் மணி நேரம் சிறிதன்று.

இதில் மனம் நோகும் விஷயம் ஒன்றும் உண்டு. நெடுஞ்சாலைப் பிரிவில் ஊரின் பெயர் இருக்கும். ஊருக்குள் கோயில் தெருவுக்கும் பெயர்ப்பலகை இருக்கும். ஆனால் அரை மைல் தள்ளியிருக்கும் ஆதி திராவிடர் குடியிருப்புக்கோ, இருளர் குடியிருப்புக்கோ ஓர் அம்புக்குறிகூட இராது. பலகை இல்லாத குடியிருப்பு, வெளியிலிருந்து வரும் உதவிக்கு இல்லாத குடியிருப்பே. 'காலனி' என்னும் சொல் வசைச்சொல்லாக ஆகிவிட்டமையால், அது அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப் பேரவையில் அறிவித்தார். புதுப் பெயர் எழுதும்போதே, எந்தக் குடியிருப்புக்குக் கைகாட்டி இல்லை என்பதையும் பஞ்சாயத்து கணக்கெடுத்துவிடலாம். அங்கு வசிப்போர் எந்தப் பெயரை விரும்புகிறார்கள் என்று அவர்களையே கேட்டு எழுதுவது முறை.

எழுத்தின் அளவையும் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஊர்தி, ஒரு நொடியில் ஏறக்குறைய 36 அடி கடக்கிறது. பலகையைப் படித்து, முடிவு செய்து, வேகத்தைக் குறைக்க நான்கு நொடியாவது வேண்டும். அப்படியானால் 145 அடிக்கு அப்பாலிருந்தே எழுத்துத் தெரிய வேண்டும். ரோமன் எழுத்துக்கு ஓர் அங்குல உயரத்திற்கு 30 அடித் தூரம் என்று கணக்கிடுவதுண்டு. நம் தமிழ் எழுத்திலோ சுழியும் வளைவும் மிகுதி. ஆதலால் 20 அடி என்று கொள்வதே உத்தமம். ஆகவே சாலைப் பிரிவில் எழுத்து 7 அங்குலத்திற்குக் குறையலாகாது. தெருவுக்குள் நடந்து வருபவருக்கு 2 அங்குலம் போதும்.

வர்ணத்தைப் பொறுத்த வரையில், மஞ்சளில் கறுப்பும், நீலத்தில் வெள்ளையும் தெளிவாகத் தெரியும். ரயில் நிலையப் பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பாக இருப்பதை நினைவு கூர்க. வெயிலில் விரைந்து வெளுப்பது சிவப்பே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் ஊர்தோறும் சிலர் இருப்பர். ஆகையால் வர்ணம் ஒன்றை மட்டும் நம்பிச் செய்தி சொல்லலாகாது.

பெயரைப் பிரித்தெழுதுவதிலும் கவனம் வேண்டும். ஈக்காட்டுத்தாங்கல் பத்து எழுத்துக் கொண்ட பெயர். பலகையில் இடம் போதாவிடில் 'ஈக்காட்டுத்' என்று ஒரு வரியும் 'தாங்கல்' என்று மறு வரியும் எழுதலாம். 'ஈக்காட்' என்று முறித்தால் படிப்பவருக்கு நாக்குச் சுளுக்கும். ஆங்கிலத்திலோ இவ்வூரின் பெயரை 'ட்டு' என ஒலிக்குமாறு ஓரிடத்திலும், 'டு' என ஒலிக்குமாறு மற்றோரிடத்திலும் எழுதியிருக்கக் காண்கிறோம். வெளிமாநிலத்தார் இவை இரண்டும் வெவ்வேறு ஊர்கள் என்று மயங்கினால் வியப்பில்லை. 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் திருத்தி எழுத 2020 ஜூனில் வெளியான ஆணை, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஒரு பஞ்சாயத்தின் எல்லைக்குள்ளேனும் எல்லாப் பலகைகளிலும் ஒரே எழுத்துமுறை இருக்குமாறு செய்வதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

பலகை வழி காட்டுவதற்கு மட்டுமன்று. கணக்குக் காட்டுவதற்கும் ஆகும். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் வரவு செலவு எழுதி வைக்கிறோம். எத்தனை பேர் அதனைப் படிக்கிறார்கள்? வியன்னா நகரத்தில் ஆட்டோ நாய்ராத் என்னும் அறிஞர் 1925-இல் ஓர் அருங்காட்சியகம் நிறுவி, புள்ளிவிவரங்களைச் சாதாரணத் தொழிலாளரும் காணும்படி படங்களாக்கினார். அவருடைய விதி எளியது. விளைச்சல் இரு மடங்கானால் மூட்டையை இரு மடங்கு உயரமாக வரையாதே. இரண்டு மூட்டை வரை. உயரத்தை இரட்டிப்பாக்கினால் அகலமும் உடன் இரட்டித்துப் படம் நான்கு மடங்காகத் தோன்றும், பார்ப்பவர் ஏமாறுவார். அவருடைய துணைவியார் மேரி நாய்ராத், 1950களில் மேற்கு நைஜீரியா அரசுக்காக இதே முறையில் கிராம மக்களுக்கான படப் பிரசுரங்களைத் தயாரித்தார். நம் சுவரிலும், நூறு ரூபாயில் குடிநீருக்கு எவ்வளவு, தெரு விளக்குக்கு எவ்வளவு என்பதைப் பத்து ரூபாய்க்கு ஒரு குடம், ஒரு விளக்கு என வரைந்து காட்டினால், கிராம சபையில் கேள்விகள் மிகும். அங்கத்தினர் சிலருக்கு அது உவப்பாயிராது, ஆயினும் நல்லதே.

ஈக்காட்டுத்தாங்கலுக்கே மீண்டு செல்வோம். மெட்ரோ திறந்த அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை புரண்டது. ஆற்றோரக் குடியிருப்புகள் பல மூழ்கின. வெள்ளக் கறை சுவரில் உள்ள வரை எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பதை எவரும் காணலாம். வெள்ளையடித்த பின்னர், புதிதாகக் குடி வருபவருக்கு அதனைச் சொல்வார் யார்? ஜப்பானின் அனெயோஷி என்னும் சிற்றூரில், 1933 ஆழிப் பேரலைக்குப் பின்னர் மலைச்சரிவில் ஒரு கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டற்க என்று எச்சரித்தார்கள். ஊரார் அவ்வாறே மேலே வாழ்ந்தனர். 2011-இல் வந்த பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றது.

நம் விவசாயிக்கு இது புதிதன்று. மேட்டூர் 120 அடி என்றால் என்ன பொருள் என்பதைத் தஞ்சைச் சிறுவனும் அறிவான். அதே அளவுக்கோலை ஊரின் தாழ்ந்த தெருவிலும், ஏரிக் கலங்கலின் கீழுள்ள தரைப்பாலத்திலும் நடுவதே வேண்டுவது. ஓர் அடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் சிறு காரை நகர்த்தும். இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். ஆகையால் பாலத்தின் இரு முனையிலும், இறங்குவதற்கு முன்பே தெரியுமாறு ஒவ்வொரு கம்பம் நட வேண்டும். பாலத்தின் தளமட்டத்திலிருந்து அடி அடியாக அளந்து, முதல் அடி வரை கறுப்பு வெள்ளைப் பட்டையும் அதற்கு மேல் சிவப்பும் பூசி, சிவப்பில் 'கடக்காதீர்' என்று எழுதுக. வர்ணம் தெரியாதவரும் எழுத்தாலும், எழுத்தறியாதவரும் பட்டை முடியும் இடத்தாலும் எல்லையை அறிவர். இரவில் விளக்கொளி பட்டு மின்னும் தாளையும் ஒட்டுவது அவசியம். சிவப்பு வெளுக்குமாதலால் ஆண்டுதோறும் பூச வேண்டியிருக்கும்.

இதற்கான தீர்மானத்தை அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒத்தி வைத்தல் நன்றன்று. வடகிழக்குப் பருவமழை அம்மாதத்தின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் நிறைவேற்றினால், கம்பம் நட்டு வர்ணம் உலர நாள் இருக்கும்.