பிச்சாவரத்து வீட்டிற்கு ஒரு பாட்டுப் பெட்டி

பிச்சாவரத்துக்கு வருகிறவர்கள் சுரபுன்னைக் காட்டைப் படகில் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அந்தக் காட்டின் ஓரத்திலேயே, கிள்ளைப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர், கைப்பேசியில் உள்ள பாட்டை வீடு முழுவதும் கேட்க ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்க்காரர் கேட்காத சில கேள்விகளையும் இவர் கடையில் கேட்டாக வேண்டும்.

கைப்பேசியிலேயே ஒலிபெருக்கி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்பீர்கள். சிதம்பரத்தில் 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழாவின் ஒலிப்பதிவு ஏதாவது கிடைத்தால் அதைக் கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். பாட்டு கேட்கும், சலங்கை கேட்கும், மிருதங்கத்தின் வலந்தலைகூடக் கேட்கும். ஆனால் தொப்பியின் 'கும்' என்ற ஒலி எங்கே போயிற்று?

ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. அதிர்வெண் பாதியானால், அதே அழுத்தமுள்ள ஒலியை எழுப்ப நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 400 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பதினாறு மடங்கு! விரல் நகம் அளவுள்ள கூம்பு என்ன செய்யும்? ஆகவே பெட்டி வாங்கும்போது விளக்கையும் மினுமினுப்பையும் பார்க்காமல் கூம்பின் அகலத்தைப் பாருங்கள்.

கூம்புக்குப் பெட்டி ஏன் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. கூம்பு முன்பக்கம் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்பக்கம் காற்று தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து சேர்ந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதைத் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை. பலகை மெலிதாக இருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும். விரலால் தட்டிப் பாருங்கள். தகரம்போல் ஒலித்தால் வேண்டாம்.

'1000 வாட்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். பெட்டியோடு வரும் மின் இணைப்பானில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 24 வாட். தொடர்ந்து அதற்கு மேல் எங்கிருந்து வரும்? மேலும், வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வேறுபாடே.

இனி உப்புக் காற்று. மழைக்காலத்தில் அடுக்களை ஜாடியில் கல்லுப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? கடலிலிருந்து காற்றில் மிதந்துவரும் உப்புத் துகள்களும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கின்றன. பெட்டிக்குள் படிந்தால் இணைப்பு முனைகளை அரிக்கும். காகிதக் கூம்பு ஈரத்தில் தொய்யும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனதென்றால், வெப்பமும் ஈரமும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதை உதிர்த்துவிடும். பிளாஸ்டிக் கூம்பும் ரப்பர் வளையமும் உள்ளதே கடற்கரைக்கு ஏற்றது. விலை சற்றுக் கூடினாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

இணைப்பு விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. ஐபாட் கருவியைச் செருகி நிறுத்தும் மேடையுடன் கூடிய பெட்டிகள் ஒரு காலத்தில் நிறைய விற்றன. 2003இல் வந்த 30 முனைச் செருகியை நம்பிச் செய்யப்பட்டவை அவை. 2012இல் ஆப்பிள் நிறுவனம் வேறு செருகிக்கு மாறியது. 2023இல் அதையும் விட்டு யு.எஸ்.பி.-சி-க்கு வந்தது. கூம்பும் காந்தமும் நன்றாக இருந்தும், செருக இடமில்லாமல் அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. புளூடூத்தோடு 3.5 மில்லிமீட்டர் துளையும் உள்ள பெட்டியை வாங்குங்கள். ஒரு வழி அடைபட்டாலும் மற்றொன்று இருக்கும்.

கடைசியாக ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மாவட்டத்தின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அப்படிப்பட்ட நேரத்தில் கைப்பேசிக் கோபுரங்களையும் நம்ப முடியாது. எனவே மின்கலத்தில் ஓடுவதும், உள்ளேயே வானொலி உள்ளதுமான பெட்டி கிடைத்தால் இந்தக் கரையில் அதற்கே முதலிடம் கொடுக்கலாம். அந்த வானொலி கைப்பேசியின் துணையின்றித் தானாகவே பாடுகிறதா என்று கடையிலேயே ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடுங்கள்.