மடிக்கணினித் திரையிலே தொலைக்காட்சி

யாழ்ப்பாணத்திலே ஒரு வீடு. நல்லூர்த் தேர்த் திருவிழாவுக்கு இன்னும் மூன்றே நாட்கள் உள்ளன. சனக்கூட்டத்தினுள்ளே சென்று நிற்க இயலாத முதிய தாயார் ஒருவர், ஆண்டுதோறும் அத்திருவிழாவைத் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பிலேயே தரிசித்து வருகிறார். அவ்வேளை பார்த்து வீட்டுத் தொலைக்காட்சியின் திரை பழுதாகிவிட்டது. திருத்துபவர் வந்து பார்த்தார். திரையை மாற்றுவதற்காகும் செலவு புதியதொன்றின் விலையை எட்டிவிடும் என்று கூறிச் சென்றுவிட்டார். கூரையிலே டிஷ் அன்ரெனா பழுதின்றி நிற்கிறது. அதிலிருந்து வரும் அலைகளைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தரும் செட்-டொப் பெட்டியும் நன்றாகவே இயங்குகிறது. இல்லாதது ஒரு திரை மட்டுமே.

அலுமாரியிலோ ஒரு மடிக்கணினி இருக்கிறது. 2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பேரப்பிள்ளையின் இணையவழி வகுப்புக்கென வாங்கியது. அதற்கு நல்ல திரை உண்டு. அதன் பக்கத்திலே எச்டிஎம்ஐ எனப்படும் இணைப்பு வாய் உண்டு. செட்-டொப் பெட்டியின் பின்புறத்திலும் அதே வடிவிலான வாய் உண்டு. இரண்டையும் ஒரு வயரினால் இணைத்துவிட்டால் போதாதா? மகன் கடைக்குச் சென்று வயர் வாங்கி வந்து பொருத்துகிறார். கணினித் திரையில் ஒரு மாற்றமும் இல்லை. வயரிற் குறையென்று எண்ணி வேறொன்று வாங்கி வருகிறார். அதுவும் அவ்வாறே. “தம்பி, தேருக்கு முதல் வந்திடுமோ?” என்று தாயார் இருமுறை கேட்டுவிட்டார்.

இத்தவறு மிகவும் இயல்பானது. படித்தவர்களும் இதிலே இடறுகின்றனர். வாய்கள் இரண்டும் ஒரே வடிவினவாய் இருக்கும்போது, அவற்றின் தொழிலும் ஒன்றே என்று எண்ணுவது யாருக்கும் நேரக்கூடியதே. ஆனால் மடிக்கணினியின் எச்டிஎம்ஐ வாய், படத்தை வெளியே அனுப்புவதற்கு மாத்திரம் அமைந்தது. வெளியிலிருந்து வரும் படத்தை ஏற்பதற்கு அதிலே வழியில்லை. செட்-டொப் பெட்டியின் வாயும் வெளியே அனுப்புவதுதான். இரண்டு நீர்க்குழாய்களின் வாய்களை ஒரு றப்பர்க் குழாயினால் இணைத்துவிட்டு, எந்த வாளி நிரம்பும் என்று காத்திருப்பது போன்றது இது.

எச்டிஎம்ஐ என்னும் இணைப்பு முறையின் முதற் பதிப்பு 2002ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியாயிற்று. அதன் வாயினுள்ளே 19 சிறு தொடுமுனைகள் உள்ளன. படம் செல்லும் முன்னர் இரு கருவிகளுக்கிடையே ஒரு சிறு உரையாடல் நிகழும். அனுப்பும் கருவி 5 வோல்ற் மின்னழுத்தத்தை ஒரு முனையிலே கொடுத்து, மறுபுறத்தில் யாரேனும் உளரோ என்று வினவும். ஏற்கும் கருவி, தான் இன்ன அளவான திரை, இன்ன இன்ன படவகைகளை ஏற்பேன் என்னும் விவரத்தை ஒரு சிறு நினைவகத்திலே எழுதி வைத்திருக்கும். அதனைப் படித்த பின்னரே படம் புறப்படும். இரண்டும் அனுப்பும் கருவிகளாக இருக்குமிடத்து, இரண்டும் வினவுகின்றன. விடை சொல்வார் இல்லை. மகன் வாங்கிய வயர்கள் இரண்டிலும் குறையேதும் இருக்கவில்லை.

ஆயின் மடிக்கணினியின் திரை யாருக்குச் செவிசாய்க்கிறது? அது தன் கணினியின் தாய்ப்பலகையோடு மெல்லிய வயர்க்கற்றையொன்றினால் உள்ளேயே பிணைக்கப்பட்டுள்ளது. அக்கணினி வரைந்து கொடுக்கும் படத்தைத் தவிர வேறொன்றை அது அறியாது. விதிவிலக்குகள் மிகச் சில. 2011ஆம் ஆண்டளவில் ஏலியன்வெயர் என்னும் பெயரில் வந்த விளையாட்டுக் கணினிகள் சிலவற்றில், படத்தை உள்ளே வாங்கும் வாயும் தனியாக வைக்கப்பட்டிருந்தது. வீடுகளிலே காணப்படும் சாதாரண மடிக்கணினிகளில் அது இல்லை.

ஆகவே செட்-டொப் பெட்டியின் படம் கணினித் திரையில் தோன்ற வேண்டுமாயின், அது முதலிற் கணினிக்குரிய தரவாக மாறி உள்ளே செல்ல வேண்டும். பின்னர் கணினியே அதனைத் தன் திரையில் வரைய வேண்டும். அவ்வாறு மாற்றித் தரும் சிறு கருவிகள் கடைகளில் உள்ளன. கப்சர் காட் என்று கேட்டால் தருவார்கள். பெருவிரலளவான அக்கருவியின் ஒரு முனையிலே எச்டிஎம்ஐ வயரைச் செருகலாம். மறு முனை கணினியின் யூஎஸ்பி வாயிற் செல்லும். மலிவானவை சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கின்றன.

இச்சிறு கருவி செய்யும் வேலையை ஒரு கணக்கினால் உணரலாம். முழு உயர்தரப் படமொன்றில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் இருபது இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிற்றுகள்; நொடிக்கு 25 படங்கள். ஆக, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிற்றுகள் செல்ல வேண்டும். யூஎஸ்பி 2.0 வாயினால் நொடிக்கு 48 கோடி பிற்றுகளுக்கு மேற் கொண்டு செல்ல இயலாது. எனவே மலிவான கருவிகள் ஒவ்வொரு படத்தையும் புகைப்படச் சுருக்க முறையினாற் சுருக்கி அனுப்புகின்றன. படத்தின் ஓரங்களிலே சிறிது கலங்கல் தெரிவது இதனாலேதான். நொடிக்கு 500 கோடி பிற்றுகளைக் கொண்டு செல்லும் யூஎஸ்பி 3.0 வகையைச் சார்ந்த கருவிகள் தெளிவானவை; விலையும் கூடியவை. உறையின்மேல் ‘4கே’ என்று பெரிய எழுத்திற் காணப்படுவதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. மலிவான கருவிகளிற் பெரும்பாலும் அது உள்ளே ஏற்கும் அளவு. வெளியே தரும் அளவு அதனிற் குறைந்தது. செருகுமுனையின் உள்ளே நீல நிறம் இருப்பதை மட்டும் கொண்டு யூஎஸ்பி 3.0 என்று முடிவு செய்வதும் தகாது. நிறம் பூசுவதற்கு அதிக செலவில்லை.

கணினி இக்கருவியை ஒரு கமராவாகவே கருதிக் கொள்ளும். இதனால் தனியான மென்பொருள் எதனையும் நிறுவ வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வீஎல்சி என்னும் ஒளிநாடா இயக்கியைத் திறந்து, அதன் முதற் பட்டியலிலே கப்சர் கருவியைத் திறக்கும் கட்டளையைத் தெரிந்து, படத்துக்கு ஒன்றும் ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு பெயர்களைக் குறித்துவிட்டால் போதும். ஒலிக்குரிய பெயரைக் குறிக்க மறந்துவிட்டு, கருவி ஊமையென்று கடைக்குத் திருப்பிக் கொண்டு செல்பவர்கள் உண்டு. விண்டோஸ் கணினியிலே கமராவையும் ஒலிவாங்கியையும் பயன்படுத்தும் அனுமதி மூடப்பட்டிருந்தாலும் ஒன்றும் வராது. அமைப்புகளிற் சென்று அதனைத் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னரும், படத்துக்குப் பதிலாகக் கருந்திரையோ எச்சரிக்கை வாசகமோ தோன்றலாம். பணத்தைச் செலவிடுமுன் ஒருவர் அறிய வேண்டிய செய்தி இதுவே. எச்டிசிபி எனப்படும் காப்பு முறையொன்று, இன்ரெல் நிறுவனத்தினால் உருவாக்கப்பட்டு, எச்டிஎம்ஐ இணைப்பிலே சேர்ந்துள்ளது. படத்தை அனுப்பும் பெட்டி, மறுபுறத்திலுள்ள கருவியிடம் இரகசியத் திறவுகோல் ஒன்று உண்டோ எனச் சோதிக்கும். தொலைக்காட்சிகளிடம் அத்திறவுகோல் உண்டு. படத்தைத் தரவாக மாற்றும் கருவி, படத்தைப் பதிவு செய்யவும் வல்லது. ஆகையால் அதற்கு அத்திறவுகோல் வழங்கப்படுவதில்லை. சில பெட்டிகள் எல்லா அலைவரிசைகளுக்கும் இக்காப்பை இடுகின்றன; சில, திரைப்படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் மாத்திரம் இடுகின்றன. படத்தைத் தயாரித்தவர்கள் திருட்டுக்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆயினும் மாதந்தவறாமற் கட்டணம் செலுத்தும் வீட்டிலே, தன் கணினித் திரையில் திருவிழாவைப் பார்க்க விரும்பும் தாயாரை அது திருடரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. காப்பை நீக்கித் தருவதாகச் சொல்லப்படும் பொருட்களும் சந்தையில் உலவுகின்றன. பல நாடுகளின் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. அவ்வழியிற் செல்லாதிருத்தல் நன்று. கருவியை இரவலாகப் பெற்றோ, திருப்பி எடுக்கும் உறுதியுடன் வாங்கியோ முதலிற் சோதித்துப் பார்ப்பதே விவேகம்.

செட்-டொப் பெட்டிகள் பலவற்றிலே இன்னொரு வாயும் உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்னும் மூன்று நிறங்களில் அமைந்த பழைய ஏவீ வாயே அது. மஞ்சள் படத்துக்கு, மற்றை இரண்டும் ஒலிக்கு. எச்டிசிபி காப்பு இவ்வழியில் இல்லை. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய 625 வரிப் படமே இதன் வழியாக வரும். அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை 576 வரிகள். சுவரளவான திரையிலே அது மங்கலாகத் தோன்றும். பதினைந்து அங்குல மடிக்கணினியிலே, மூன்று நான்கு அடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பெரிய குறையன்று. இதற்கு ஏவீ வகைக்கென அமைந்த வேறொரு யூஎஸ்பி கருவி வேண்டும். எச்டிஎம்ஐ கருவி இங்கு உதவாது. பழைய ஏவீ கருவிகள் சிலவற்றுக்குத் தனி மென்பொருள் தேவைப்படும் என்பதையும் கடையிலேயே கேட்டறிந்து கொள்ள வேண்டும். அசைவுள்ள காட்சிகளிலே சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தெரிந்தால், வீஎல்சியிலே ‘டி’ எழுத்தை அழுத்த அவை பெரும்பாலும் மறையும்.

இதிலே ஒரு சிறு பொறி உண்டு. அண்மைக்காலப் பெட்டிகளில் மூன்று நிற வாய்களுக்குப் பதிலாக, தலையணி ஒலிபெருக்கியைச் செருகுவது போன்ற ஒற்றை வட்டத்துளை காணப்படும். அதற்குரிய வயரின் உள்ளிணைப்பு ஒழுங்கு எல்லாத் தயாரிப்பாளரிடத்தும் ஒன்றாக இல்லை. கைக்கு அகப்பட்ட வயரைச் செருகினால் மஞ்சளிலே ஒலியும் சிவப்பிலே படமும் வரக்கூடும். படம் வராவிட்டால் நிறங்களை இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பதிற் பிழையில்லை.

எந்தக் கருவியும் வாங்காத வழி இணையம். அலைவரிசைகள் பல தம் நிகழ்ச்சிகளை இணையத்திலும் நேரடியாக அளிக்கின்றன; செட்-டொப் பெட்டிச் சேவை வழங்குவோர் சிலரும் சந்தாதாரருக்கென அவ்வசதியைச் செய்துள்ளனர். ஆனால் நொடிக்கு 30 இலட்சம் பிற்றுகள் வீதம் வரும் படம், ஒரு மணி நேரத்திலே ஏறக்குறைய 1.35 கிகாபைற் தரவை விழுங்கிவிடும். காலை முதல் நண்பகல் வரை தேர் பார்ப்பவர், தம் தரவுப் பொதியில் மீதி எவ்வளவு என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மடிக்கணினியே பழுதாகி, திரை மாத்திரம் நலமாக இருக்குமிடத்து வேறொரு வழி உண்டு. அத்திரையைக் கழற்றி, பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பலகையொன்றை வாங்கி இணைத்தால், அது எச்டிஎம்ஐ வாயுள்ள தனித்திரை ஆகிவிடும். இலக்கம் பொருந்தாவிடின் பலகையும் வீண், பணமும் வீண். மிகப் பழைய மடிக்கணினிகளின் திரைக்குப் பின்னே குழல்விளக்கு உண்டு. அதற்கு உயர் மின்னழுத்தம் செல்லும். அனுபவமில்லாதவர் அதிற் கைவைக்கலாகாது. உண்மையில், எப்படியும் பணம் செலவாகுமென்றால், எச்டிஎம்ஐ வாயுள்ள பழைய கணினித் திரையொன்றை இரண்டாங்கையாக வாங்குவதே மேல். அதற்கு இடைக்கருவியும் வேண்டாம். வாங்குமுன் எச்டிசிபி ஏற்கும் திரைதானா என்று மட்டும் கேட்டறிய வேண்டும். ஒலிபெருக்கி உள்ளமையாத திரையானால், பெட்டியின் சிவப்பு வெள்ளை வாய்களிலிருந்து ஒலியைத் தனியே எடுக்கலாம்.

மேற்கூறிய வீட்டிலே எச்டிஎம்ஐ கருவி இரவலாகக் கிடைத்தும் கருந்திரையே தோன்றிற்று. பெட்டியின் பின்புறத்திலிருந்த ஏவீ வாயே இறுதியிற் கைகொடுத்தது. தேருக்கு முதல்நாள் மாலை படம் வந்துவிட்டது. படம் சற்றுப் பிந்தியே வரும். வீஎல்சி தானாகவே ஏறக்குறைய நொடியின் மூன்றிலொரு பங்கு நேரம் படத்தைத் தேக்கி வைத்து வெளியிடுகிறது. கிரிக்கெற் போட்டியென்றால் அயல் வீட்டு ஆரவாரம் முதலிற் கேட்கும். தேருக்கு அதனாற் குறையில்லை.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை எவரும் மறந்திரார். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. செட்-டொப் பெட்டிக்கு இல்லை. பெட்டி 12 வோல்றில் இயங்குவதாயின், இணைய ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய யூபிஎஸ் அதற்கும் உதவும். பெட்டியின் அடியிலே எழுதியுள்ள வோல்ற், அம்பியர் அளவுகளை ஒப்பிட்ட பின்னரே இணைக்க வேண்டும்.

ரிமோட்டைப் பெட்டியை நோக்கியே பிடிக்க வேண்டும் என்பது தாயாருக்குப் பழகச் சிறிது நேரம் எடுத்தது. அவர் கை திரையையே நாடிற்று. ஈற்றில் மகன் பெட்டியை எடுத்து மடிக்கணினியின் அருகிலேயே வைத்துவிட்டார்.