ஜெர்மனியில் வேலை ஒருவருக்கு, குடித்தனம் இருவருக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு ஐரோப்பா புதிதல்ல. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோதே பிரிட்டன் நிறுவனம் ஒன்று அதில் கூட்டு. 1965இல் ஆவடி டாங்க் ஃபேக்டரியிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. பூந்தமல்லியைத் தாண்டி ஒரகடம் போனால் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை 2012 முதல் ஓடுகிறது. அந்தத் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஐ.டி. கட்டடங்களிலும் வேலை பழகிய பிள்ளைகள் இப்போது ஸ்டுட்கார்ட்டுக்கும் மியூனிக்குக்கும் கிளம்புகிறார்கள். பலர் கல்யாணமான புதிதில் போகிறார்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் வேலை கிடைத்தவரைச் சுற்றியே இருக்கும். சம்பளம் எவ்வளவு, விசா எப்போது, டிக்கெட் எந்தத் தேதி. கூடப் போகிறவர் அங்கே போய் என்ன செய்வார் என்பதைப் பெரும்பாலும் போன பிறகுதான் யோசிக்கிறார்கள். அவர் மனைவியாக இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை இருவரையும் மனதில் வைத்து எழுதப்படுகிறது. உதாரணத்துக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன்.

பட்டப்படிப்பு முடித்து ஜெர்மனியில் வேலை பெறுபவர்களுக்கு நல்ல வழி ப்ளூ கார்டு. அதற்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் உண்டு. 2025இல் அது 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும், படிப்பு முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் இன்னும் குறைவு: 43,759.80 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தொகை மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் பாலிடெக்னிக் டிப்ளமோ படித்துத் திறமையாக வேலை செய்பவர்கள் ஏராளம். டிப்ளமோ மட்டும் இருந்தால் ப்ளூ கார்டு பொதுவாகக் கிடைக்காது. ஐ.டி. துறைக்கு மட்டும் 2023 நவம்பரிலிருந்து விலக்கு இருக்கிறது: கடைசி ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம்.

துணைவருக்குச் சட்டம் தருவது பலர் நினைப்பதைவிட அதிகம். வழக்கமான குடும்ப விசாவுக்கு ஜெர்மன் மொழியில் ஏ1 தேர்வு எழுதித் தேற வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. போய் இறங்கி அனுமதி அட்டை வந்ததும் அவரும் எந்த வேலையிலும் சேரலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். "டிபெண்டன்ட் விசாதானே, வேலை செய்ய முடியாது" என்று சொல்லி இங்கே நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கப் போகும் பெண்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவின் ஹெச்4 விசாவைப் பற்றிக் கேள்விப்பட்டதை ஜெர்மனிக்கும் பொருத்திப் பார்ப்பதால் வரும் தவறு இது.

ஏ1 கட்டாயமில்லை என்பதற்காக மொழி தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபீஸ் போகிறவருக்கு அங்கே ஆங்கிலம் போதும். ஊரோடு பழகப்போவது துணைவர்தான். டாக்டர், கடை, பக்கத்து வீடு, நகராட்சி அலுவலகம் எல்லாம் ஜெர்மனில் நடக்கும். நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்றுத்தரும் கதே நிலையம் இருக்கிறது. மேக்ஸ்முல்லர் பவன் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இருவரும் சேர்ந்து ஏ1, ஏ2 முடித்துவிட்டால் போன முதல் குளிர்காலம் பாதி சுலபமாகும். அங்கே போனபின் அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 மணி நேரம் மொழியும், 100 மணி நேரம் அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்முறையும் கற்றுத்தருகிறார்கள். மொழியால் கைமேல் பலனும் உண்டு. ப்ளூ கார்டுகாரர் ஓய்வூதியச் சந்தா கட்டி வேலை பார்த்து, ஏ1 மொழியறிவு இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பி1 இருந்தால் 21 மாதமே போதும்.

துணைவரின் தொழில் என்ன என்பதைப் பொறுத்து செய்ய வேண்டிய ஏற்பாடுகளும் நிறைய வேறுபடும். ஐ.டி., கணக்கு, வடிவமைப்பு போன்றவற்றுக்கு அரசு அங்கீகாரம் தேவையில்லை. நர்ஸ், டாக்டர், பள்ளி ஆசிரியர் என்றால் இங்கே படித்த படிப்பை அங்கே அங்கீகரிக்க வைக்க வேண்டும், மொழித் தேர்வும் கடுமையாக இருக்கும். பாடத்திட்டமும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரியில் கையெழுத்தாகி வருவதற்கே மாதங்கள் ஓடும். அதைச் சென்னையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

காகித வேலைகளில் முதலாவது திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தினராக இருந்தாலும் கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் குடும்ப விசாவுக்கு உதவாது. இன்னொரு தொல்லை நம் இனிஷியல். பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் என்று இருந்தால் மூன்று ஆட்கள் போலத் தெரியும். பெயர் எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி முதலிலேயே திருத்திவிடுவது நல்லது.

அங்கே இறங்கியதும் முதல் வேலை முகவரிப் பதிவு. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் இருவரும் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் பதிய மாட்டார்கள். பதியாமல் வரி எண் வராது, மற்றதெல்லாம் தடுமாறும். ஆகவே கடிதம் தர மறுக்கும் வீட்டை, வாடகை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். அட்வான்ஸ் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் பல வீடுகளில் சமையலறை மேடையும் அலமாரியும்கூட இருக்காது, நாமே வாங்கிப் பொருத்த வேண்டும்.

அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், சம்பாதிக்காத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் அதிலேயே அடங்குவார்கள். சம்பளம் அதிகம் உள்ளவர்களுக்குத் தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். குடும்பமாகப் போகிறவர்கள் அதில் அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சந்தா கட்ட வேண்டும். இங்கே வாங்கிய ஓட்டுநர் லைசென்ஸ் அங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு.

இனி ஊர் சுற்றும் விஷயம். பெரும்பாலான தம்பதியர் ஐரோப்பா வாழ்க்கையில் மிகவும் எதிர்பார்ப்பது இதைத்தான், எதிர்பார்க்கவும் வேண்டும். இந்த வயதில், இரண்டு பேராக, ஒரு வார இறுதியில் இன்னொரு நாட்டுக்குப் போய்வரும் வாய்ப்பு பிறகு எளிதில் அமையாது.

1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மோசல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை எடுத்துவிடுவது அதன் நோக்கம். இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. ஜெர்மன் வசிப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் மற்ற 28 நாடுகளுக்கும் விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாள் காலத்தை எடுத்துப் பார்த்தாலும் அந்த நாடுகளில் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் கணக்கில் வராது. இது சுற்றிப்பார்க்கும் உரிமைதான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பார்சிலோனாவில் ஒரு மாதம் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பதென்றால் வரி, காப்பீட்டுச் சிக்கல் வரும். கம்பெனியிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. லண்டனில் உறவினர் இருந்தால் தனி விசா வாங்கித்தான் பார்க்க முடியும். எல்லையில் சோதனையே கிடையாது என்றும் நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. பாரிஸிலிருந்து திரும்பும் ரயிலிலும் போலீஸ் ஏறிக் கேட்பார்கள். ஒருவரின் அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்புக்குக் காத்திருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் எல்லை தாண்டாதீர்கள். இருவரின் அட்டையும் ஒரே தேதியில் முடியும் என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டாம். பாஸ்போர்ட் தேதிகளையும் பாருங்கள்; பெரும்பாலும் துணைவரின் பாஸ்போர்ட் காலாவதித் தேதிதான் கவனத்திலிருந்து தப்பும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் மிகச் சிறந்த ஏற்பாடு. 2023 மேயில் மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுவதும் நகர பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். வேக ரயிலான ஐ.சி.இ.யில் செல்லாது. சென்ட்ரல்–அரக்கோணம் பாதையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போய்ப் பழகியவர்களுக்கு அந்த மெதுவான ரயில்கள் அலுக்காது, ஊர்களும் நன்றாகக் கண்ணில் படும். பல நாடுகளுக்கு ரயிலில் போக யூரெயில் பாஸ் தேடாதீர்கள். அது வெளியிலிருந்து வருபவர்களுக்கு. அங்கே வசிப்பவர்கள், இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், இண்டர்ரெயில் பாஸ்தான் வாங்க வேண்டும்.

ஐஃபில் கோபுரத்தை எப்படியும் பார்ப்பீர்கள். தமிழர்கள் போக வேண்டிய வேறு இடங்களும் உண்டு. ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேர்த் திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். பாரிஸில் லா ஷப்பல் பகுதியில் இறங்கினால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் மளிகைக் கடைகளும் வரிசையாக இருக்கும். விநாயகர் தேர் அந்தத் தெருக்களில் ஓடுகிறது. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் உண்டாக்கிய இடங்கள் இவை. சம்பளத்தோடு போய் இறங்கும் நாம் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அங்கே நிற்க வேண்டும். இன்னொன்று ஹாலே நகரம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கே படித்தவர். அவருடைய அச்சகத்துக்கான தமிழ் எழுத்துக்களை ஹாலேயில்தான் வார்த்து அனுப்பினார்கள். அங்குள்ள ஃபிராங்கே அறநிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்னும் இருக்கின்றன.

பெற்றோரை அழைப்பது அடுத்த கட்டம். அவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும், தங்கல் அதிகபட்சம் 90 நாள். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, 2024 ஏப்ரல் விதிப்படி அடுத்தது இரண்டு ஆண்டு விசாவாகக் கிடைக்க வாய்ப்புண்டு, அதன்பின் ஐந்து ஆண்டு. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் அவர்களின் கைரேகையும் முகப்படமும் எல்லையில் பதிவாகி, நாட்கணக்கை இயந்திரமே வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

பேறுகாலத்துக்கு அம்மா வருவதாக இருந்தால் இந்த 90 நாளை நன்றாக யோசித்துச் செலவழிக்க வேண்டும். ஏழாம் மாதமே வரவழைத்துவிட்டால், குழந்தை பிறந்து இரண்டு வாரத்தில் அனுப்பிவைக்கும்படி ஆகிவிடும். பிரசவத் தேதியை ஒட்டி வரவழைப்பதே மேல். அதோடு, ஜெர்மனியில் பிரசவமான ஒவ்வொரு பெண்ணுக்கும் மருத்துவச்சி வீடு தேடி வந்து பார்க்கும் உரிமை உண்டு. குழந்தை பிறந்து 12 வாரம் வரை அந்தச் செலவைக் காப்பீடு ஏற்கிறது. கிடைப்பது அரிது என்பதால், கர்ப்பம் உறுதியானவுடன் பேசிவைத்துவிட வேண்டும். தாய் அருகில் இல்லாமல் தனியாகப் பிள்ளை பெறும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள்.

இங்கே விட்டுவரும் பொறுப்புகளும் உண்டு. வேலைக்காக வெளிநாடு போனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. திருமுல்லைவாயலிலோ திருநின்றவூரிலோ மனை வாங்கவோ விற்கவோ அப்பாவுக்குப் பவர் கொடுப்பதென்றால், இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இல்லையென்றால் பத்திரப் பதிவு நிற்கும்.

நிரந்தர வசிப்புரிமை வாங்காமல் நீண்ட விடுப்பில் ஊர் வருபவர்கள், ப்ளூ கார்டுக்கும் துணைவரின் அட்டைக்கும் 12 மாதம் வரைதான் வெளியே இருக்க இடமுண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். திரும்பியே வந்துவிடுவதென்றால் ஓய்வூதியச் சந்தா இருக்கிறது. சம்பளத்தில் 18.6 சதவீதம், பாதி நீங்கள், பாதி கம்பெனி. ஐந்து ஆண்டு சேர்ந்தால் வயதான பின் ஜெர்மன் ஓய்வூதியம் வரும். 2017 மே முதல் அமலில் உள்ள இந்திய–ஜெர்மன் ஒப்பந்தத்தால், தகுதிக்கான ஆண்டுகளைக் கணக்கிடும்போது இங்கே பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காலத்தையும் சேர்க்கலாம். ஐந்து ஆண்டு நிறையாதவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி 24 மாதம் கழித்துத் தங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். கம்பெனியின் பங்கு வராது, வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகளும் அழிந்துவிடும். இருவரும் வேலை பார்த்திருந்தால் இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை.