உங்களுக்குத் தெரியுமா? ஆறு மணிக்குக் கடை மூடல்!

முதல் உலகப் போர்க் காலச் சிக்கனமும் மதுவிலக்கு இயக்கத்தினரின் நெருக்கடியும் சேர்ந்து, 1916-ல் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா உள்ளிட்ட ஆஸ்திரேலிய மாநிலங்களில் மாலை ஆறு மணிக்கே 'பப்'களை மூட வைத்தன. குடி குறைந்ததா என்றால், அதுதான் இல்லை! வேலை முடிவது ஐந்து மணிக்கு. கையில் இருப்பதோ ஒரே மணி நேரம். கவுன்டரில் திருவிழாத் தள்ளுமுள்ளு. நிரப்ப நிரப்ப கிளாஸ்கள் காலியாகும். சுவரில் பீங்கான் ஓடு பதித்திருந்தார்கள். கடை மூடியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவ அதுதானே வசதி? இந்த அவசரக் குடிக்கு 'சிக்ஸ் ஓ கிளாக் ஸ்வில்' என்று பெயர். ஸ்வில் என்றால் பன்றிக்கு ஊற்றும் கழுநீர் என்றும் பொருள் உண்டு. பொருத்தமான பெயர்தான்! நியூ சவுத் வேல்ஸில் இது 1955 வரையும், விக்டோரியாவில் 1966 வரையும் நீடித்தது.

இன்னொரு ஆஸ்திரேலிய மாநிலமான குவீன்ஸ்லாந்தில் வேறொரு கூத்து. அங்கே பொது பாரில் பெண்களுக்கு மது தரக் கூடாது என்பது சட்டம். 1965 மார்ச்சில் பிரிஸ்பேனின் ரெகாட்டா ஹோட்டலுக்குள் நுழைந்த மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரு பெண்கள், இதை எதிர்த்து, கவுன்டரின் காலடிக் கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. பக்கத்தில் நின்ற ஆண்களோ அவர்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். சட்டம் மாறியது 1970-ல்.